தூக்கிவிட்ட கைகள்

மலைப்பாதையில் நடந்த பன்னாட்டுக் கார் பந்தயம். முதலிடத்தில் வந்துகொண்டிருந்த வீரர் 'சூறாவளி' கடைசி வளைவில் ஒரு பாறாங்கல்லில் மோதிக் காரோடு கவிழ்ந்தார். கோப்பை கைநழுவிப் போனது.

அடுத்த நிமிடமே அவருடைய ரசிகர் மன்றத்தார் இருபது பேர் ஓடிவந்து காரை அலாக்காகத் தூக்கி நிமிர்த்தினார்கள்.

"உங்களுக்காக உசுரையே குடுப்போம்ணே," என்றார் மன்றத் தலைவர், கேமராவைப் பார்த்து.

சூறாவளிக்குக் கண் கலங்கிவிட்டது. வெளியே வந்து தலைவரைக் கட்டிக்கொண்டார். "எந்தப் பாவியோ கல்லைப் போட்டுட்டான். நல்லவேளை, நீங்க பக்கத்துலயே இருந்தீங்க."

"காலையிலேருந்து இங்கதாண்ணே நிக்கிறோம்."

"அப்ப போட்டவனைப் பாத்திருப்பீங்களே?"

தலைவர் தலையைச் சொறிந்தார்.

"கோவிச்சுக்காதீங்கண்ணே. நாலு வருஷமா விர்ருனு போயிடுறீங்க. ஒரு போட்டோவுக்காவது நிக்கட்டுமேன்னு நாங்கதான் உருட்டி வச்சோம். கொஞ்சம் சிரிங்கண்ணே."