ஏழாவது போன்

"கட்டில் காலியாயிருக்காம்! அஞ்சு மணிக்குள்ள வரச் சொல்றாங்க!"

போனை வைத்துவிட்டு மனைவி போட்ட கூச்சலில் கணவருக்குத் தலைகால் புரியவில்லை.

ஊரில் இருக்கும் ஒரே போதை மீட்பு மையம் அது. "என் வீட்டுக்காரருக்குக் குடிப்பழக்கம்..." என்று அவள் ஆறு முறை அழைத்தபோதும் அவர் பக்கத்தில் தலைகுனிந்துதான் உட்கார்ந்திருந்தார். ஆறு முறையும் ஒரே பதில். "குடிக்கிறவங்களே கூப்பிட்டுக் கேக்கணும்மா. அதுதான் இங்க விதி."

துண்டு, சோப்பு, போர்வை என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் அவர் பையில் திணித்தார். "சீக்கிரம் போப்பா!" என்று அவர் பறந்த பறப்பில் ஆட்டோக்காரரே மிரண்டுபோனார்.

மையத்தில் ஆலோசகர் படிவத்தையும் பேனாவையும் நீட்டினார். கணவர் அவற்றை வாங்கி மனைவியின் கையில் கொடுத்தார்.

"போன வாரம் ஏழாவது போன்லதான் 'எனக்குத்தான் குடிப்பழக்கம்'னு சொன்னீங்க," என்று ஆலோசகர் அவளைப் பார்த்துச் சிரித்தார். "அப்பவே உங்க பேரைப் பதிஞ்சுட்டேன்."

அவள் கையெழுத்துப் போட்டு முடித்ததும் கணவர் தொண்டையைச் செருமினார்.

"சார், முதல் ஆறு போன்லயும் ஒரு குடிகாரன் வந்தானே, அவனை லிஸ்ட்லேர்ந்து அடிச்சிடுங்க. நான் டீகூடக் குடிக்கமாட்டேன்!"