துண்டுக்கு அடியில்

நயா பைசா வந்த வருஷமா, அதற்கு அடுத்ததா என்று இப்போது சரியாக நினைவில்லை. திண்டுக்கல் மாட்டுச் சந்தையில் அன்று அந்தத் துண்டு வெகுநேரம் அசைந்துகொண்டிருந்தது மட்டும் நிச்சயம்.

துண்டுக்கு அடியில் தரகன் நாச்சிமுத்துவின் கையும் கரூர் வியாபாரி ஒருவரின் கையும் இருந்தன. சந்தையில் விலையை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. துண்டால் கையை மூடிக்கொண்டு எதிராளியின் விரல்களைப் பிடித்துக் காட்டுவார்கள். எத்தனை விரலோ அத்தனை நூறு. மற்ற தரகர்கள் வெற்றிலை மடிக்கும் நேரத்தில் முடித்துவிடுவார்கள். நாச்சிமுத்துவோ எதிராளியின் முகத்தையே பார்த்தபடி, கட்டாது கட்டாது என்று தலையாட்டிக்கொண்டே இருப்பான். எதிராளி வேர்த்துப்போய் ஏற்றிக்கொண்டே போவான். அவனளவுக்கு விலை வாங்கித் தருகிறவன் அந்தச் சந்தையில் கிடையாது.

விலையைத் தவிர வேறு என்ன பேரம் நடக்கிறது உள்ளே? மாட்டுக் கயிற்றைப் பிடித்து நின்ற உடையப்பனுக்கு வாராவாரம் இதே யோசனைதான்.

உடையப்பன் நாச்சிமுத்துவைவிடப் பத்து வயது மூத்தவன். நாகல் நகரில் வைத்த வெங்காயக் கடை நொடித்த பிறகு, தொழில் படிக்க இந்தப் பழனிப் பக்கத்துக்காரனிடம் வந்து சேர்ந்தான். இதுவும் கைகூடாவிட்டால் எரியோட்டில் மாமனார் தோட்டத்தில் கூலிக்கு நிற்க வேண்டும்.

பல் பார்க்க, சுழி பார்க்க, நடையில் நொண்டல் கண்டுபிடிக்க எல்லாம் நாச்சிமுத்து சொல்லித் தந்தான். துண்டுக்குள் மட்டும் ஒருநாளும் கை கொடுத்ததில்லை. கேட்டால், விரல் கணக்கை எவனும் சொல்லித் தருவான், நீங்கள் முகத்தைப் படியுங்கள் என்று நழுவிவிடுவான். வேறு தரகர்களிடம்தான் உடையப்பன் அதைக் கற்றுக்கொண்டான். அவர்களில் மலைச்சாமி என்பவன் சிரித்தான்.

"ஒன்னைய ஆளாக்கிட்டா அவன் பொழப்பு என்னாகும் அப்பு?"

அன்று கரூர்க்காரருடன் பேரம் முடிந்து இருவரும் டீக்கடைக்குப் போனார்கள். உடையப்பன் பித்தளைத் தம்ளரைத் துண்டு நுனியால் பிடித்து ஊதி ஊதிக் குடித்தான். நாச்சிமுத்து தன் தம்ளரை உள்ளங்கையில் இறுக்கியபடி, ஆவி அடங்கும்வரை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அழுத்தக்காரன் என்று உடையப்பன் நினைத்துக்கொண்டான்.

நாச்சிமுத்து விற்கக் கொண்டுவந்திருந்த சொந்த மயிலைக்காளை வேப்பமரத்தில் கட்டிக் கிடந்தது.

"தம்பி, அந்த மயிலைய நான் வாங்குறேன். துண்டப் போடு."

"ஏனுங்கண்ணா, வெளையாடறீங்களா?"

"வெளையாட்டில்ல. போடுறயா, இல்ல வேற ஆளப் பாத்துக்கிட்டுப் போகவா?"

நாச்சிமுத்து மரத்தடியில் ஆள் யாரும் இருக்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தான். பிறகு தோளில் கிடந்த துண்டை எடுத்து இருவர் கையையும் மூடினான்.

மாடு மூன்று விரல் பெறும். உடையப்பன் வேண்டுமென்றே ஒரு விரலைப் பிடித்தான். நாச்சிமுத்து அவன் முகத்தைப் பார்த்து, கட்டாது என்றான். அது நியாயம். அடுத்து உடையப்பன் ஐந்து விரலையும் சேர்த்து நகம் பதிய அழுத்தினான். எந்தத் தரகனும் துள்ளிக் குதிக்கிற விலை.

நாச்சிமுத்துவின் முகத்தில் ஒரு சலனமும் இல்லை.

"கட்டாதுங்கண்ணா."

உடையப்பனுக்கு உள்ளே ஏதோ அறுந்தது. எந்த விலைக்கும் இவன் எனக்குத் தரப்போவதில்லை. என்னை ஒரு வியாபாரியாகவே எண்ணவில்லை. மலைச்சாமி சொன்னது மெய். கோபம்கூட வரவில்லை, சலிப்புத்தான் வந்தது. மெல்லப் பிடியை விட்டான். துண்டுக்கு அடியில் இரண்டு கைகளும் ஒன்றையொன்று தொடாமல் இருந்தன.

அவன் முகம் தொங்கிப்போனதை நாச்சிமுத்து உற்றுப் பார்த்தான். முதல்முறையாகச் சிரித்தான்.

"இப்பத்தானுங்க வழிக்கு வந்தீங்க. இன்னும் ஒரே ஒரு விரல் சேத்துப் புடிங்க, முடிச்சுக்கலாம்."

உடையப்பன் துண்டை விலக்கி, தன் நகத்தடம் பதிந்த அந்த விரல்களைப் பார்த்தான்.

"தம்பி, நான் கைய விட்டுச் செத்த நேரமாச்சு."