வெட்டிய இருமல்கள்

கோவையில் ஒரு கல்லூரியில் ஆசிரியர்களின் நிழலுருக்களைத் தயாரிப்பது என் வேலை. அவர்கள் நடத்தும் பாடங்களைப் பதிவுசெய்து, தடுமாற்றங்களை வெட்டிக் கொடுப்பேன். அந்தப் பதிவுகளிலிருந்து கற்றுக்கொள்ளும் நிழலுரு, அவர்களுடைய முகத்தோடும் குரலோடும் எத்தனை வகுப்பில் வேண்டுமானாலும் பாடம் நடத்தும். கேட்ட கேள்விக்குப் பதிலும் சொல்லும்.

என் மனைவி பூங்கோதை அங்கே மண்ணியல் நடத்தினாள். அவளுடைய பதிவுகளை நான் வேறு யாரையும் தொடவிட்டதில்லை.

"கோதை, வர வர உன் பாடத்துல வெட்டு சாஸ்தியாகுது. நாலு வார்த்தைக்கு ஒரு இருமல்."

"ஏனுங்க, புள்ளைங்க இருமலையுமா பரீட்சையில எழுதப் போகுதுங்க? வெட்டிப் போடுங்க."

வெட்டினேன். நல்ல வேலைக்காரன் என்று கல்லூரியில் எனக்குப் பெயர்.

இருமல் எவ்வளவு நாளாக இருக்கிறது என்று மருத்துவர் கேட்டபோது, "ஒரு மாசம் இருக்குமுங்க" என்றேன். அவள் இறந்துபோன பிறகுதான், வெட்டி ஒதுக்கியவற்றைத் தேதிவாரியாகத் திறந்து பார்த்தேன். முதல் இருமல், மருத்துவரிடம் போன நாளுக்குப் பதினான்கு மாதம் முந்தையது. வாரத்துக்கு வாரம் கூடிக்கொண்டே போயிருந்தது. ஒவ்வொன்றையும் காதால் கேட்டுத்தான் வெட்டியிருந்தேன்.

நிழலுரு இப்போதும் தெளிவான குரலில் பாடம் நடத்துகிறது. நேற்று, புதிதாகச் சேர்ந்த மாணவி ஒருத்தி வகுப்பு முடிந்ததும் எழுந்து, "மேடம், இத்தனை நேரம் பேசறீங்களே, தொண்டை வலிக்கலீங்களா?" என்று கேட்டாள். வகுப்பே சிரித்தது.

"எனக்கு ஒண்ணுமில்ல கண்ணு, உக்காரு" என்றது நிழலுரு.

கோதையிடம் அப்படி ஒருநாள் நான் கேட்டிருக்கலாம்.