கன்சாஸ்காரங்கள்

“தோத்துப் போச்சு மச்சான்.”

ரொறன்ரோவிலிருந்து யேசுரட்ணத்தின் குரல் கரகரத்து வந்தது. வேலைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்த சூசைதாசன் ஒரு காலில் சப்பாத்தோடும் மறு காலில் வெறும் காலுறையோடும் சுவரைப் பிடித்துக்கொண்டான்.

“என்ன சொல்லுறியள்? வடிவாச் சொல்லுங்கோ.”

“என்னத்தைச் சொல்ல? எல்லாம் கைக்குள்ள வந்தது. கடைசி நேரத்தில விட்டிட்டம். கன்சாஸ்காரங்கள் கொண்டுபோட்டாங்கள்.” மறுமுனையில் மூக்குச் சிந்தும் சத்தம். “என்னால கதைக்க ஏலாது. வைக்கிறன்.”

வைத்துவிட்டார்.

ரெலிபோனில் ஒருவருடைய பெயரும் வரக் கூடாது என்பது, ஆட்களைக் களவாக வெளிநாட்டுக்கு அனுப்பும் ஏஜென்சிக்காரனின் கட்டளை. வயருக்குள் எவன் இருக்கிறான் என்று தெரியாதாம். ‘ரீம்’ என்று கதைப்போம் என்றது யேசுரட்ணம்தான். ரீம் என்றால் அவருடைய தங்கை, சூசையின் மனைவி மேரிகிறேஸ். ரீம் வென்றால் அவள் ரொறன்ரோவில் இறங்கிவிட்டாள். மழையால் மட்ச் நின்றுவிட்டது என்றால் வழியில் எங்கோ காத்திருக்கிறாள். தோற்றால் பிடிபட்டுவிட்டாள்.

இரண்டு கிழமையாக மழைதான் பெய்துகொண்டிருந்தது. கலியாணம் கட்டிச் சில மாதங்களில் சூசை டென்மார்க்குக்கு ஓடிவந்தவன். கிறேஸ் கனடா போய்ச் சேர்ந்தால் தானும் பின்னால் போவது என்று நாள் எண்ணிக்கொண்டிருந்தான். இப்போது தோற்றுவிட்டது.

சில்க்போர்க் நகரத்துப் பஸ்ஸில் ஒரே பாட்டு. முதல் நாள் ஒஸ்லோவில் நடந்த உதைபந்தாட்டத்தில் டென்மார்க், நோர்வேயை ஐந்துக்கு ஒன்று என்று நொறுக்கியிருந்தது. முன்பின் தெரியாத கிழவர் ஒருவர் சூசையைக் கட்டிப்பிடித்து வாழ்த்துச் சொன்னார். சூசை நன்றி சொன்னான்.

கதிரைத் தொழிற்சாலையில் அவனுக்கு வேலை ஓடவில்லை. ஒன்பது மணி இடைவேளைக்குப் போர்மன் பிரேபன் கழுத்தில் சிவப்பு வெள்ளைச் சால்வையோடு வந்து, அவன் பூட்டி வைத்திருந்த கதிரையை உற்றுப் பார்த்தார்.

“இதுக்கு ஐஞ்சு கால் இருக்கு. என்ன, கோலுக்கு ஒரு காலோ?”

சூசை ஐந்தாவது காலைக் கழற்றத் தொடங்கினான்.

“ஏன் இந்த முகம்? நீ நோர்வேயின்ர பக்கமோ?”

“இல்லை. எங்கட ரீம் தோத்துப் போச்சு. ரொறன்ரோவில.”

“கனடாவில உனக்கொரு ரீமோ? என்ன விளையாட்டு?”

இதை மச்சானும் அவனும் பேசி வைத்திருக்கவில்லை. “ஐஸ் ஹொக்கி,” என்றான்.

“அட, அது இப்பத்தானே தொடங்கினது! இன்னும் எத்தனை மட்ச் கிடக்கு. அடுத்த முறை வெல்லுவினம்.”

“அடுத்த முறை இல்லை, பிரேபன். எனக்கு இருக்கிறது அந்த ஒரு ரீம்தான்.” கழற்றிய காலை மேசையில் வைத்தான். “கன்சாஸ் எங்க இருக்கு?”

“அமெரிக்காவுக்கு நட்டநடுவில. கோதுமை வயலும் மாடும்தான். ஏன் கேக்கிறாய்?”

நட்டநடுவில். கிறேஸ் சேலையோடு கோதுமை வயலுக்குள் நிற்கிறாள். சுற்றிவர மாடு. அவளுக்கு மாடு என்றால் பயம்.

சூசை விம்மி அழத் தொடங்கினான்.

பிரேபன் திகைத்துப் போனார். பிறகு அவனுடைய தோளில் கை போட்டுத் தன் கண்ணாடி அறைக்குள் கூட்டிக்கொண்டு போனார்.

“போன வருசம் ஸ்பெயினோட தோத்த நேரம் நானும் ரெண்டு நாள் சாப்பிடேல்லை. மனுசிக்கு விளங்கேல்லை, எனக்கு விளங்கும். இந்தா, ரெலிபோன் எடு. உன்ர ஆக்களோட சேர்ந்து அழு, பாரம் குறையும்.”

கதவைச் சாத்திவிட்டு வெளியே காவல் நின்றார்.

சூசை இலக்கங்களைச் சுழற்றினான். எந்த ஜெயில், எந்த லோயர், திருப்பி அனுப்புவார்களா, எல்லாவற்றையும் கேட்க வேண்டும். ஏஜென்சிக்காரனின் கட்டளை பாழாய்ப் போகட்டும்.

மறுமுனையில் எடுத்தவுடனேயே கத்தினான். “மச்சான், ரீமும் மண்ணாங்கட்டியும்! என்ர கிறேஸை எங்க வைச்சிருக்கிறாங்கள்?”

“ஆர் வைச்சிருக்கிறது? ஏனப்பா இப்பிடிக் கத்துறியள்?”

கிறேஸின் குரல். சூசை பிரேபனின் கதிரையில் தொப்பென்று இருந்தான்.

“நீ... நீ எங்க நிக்கிறாய்?”

“இதென்ன கேள்வி? அண்ணை வீட்டிலதான். நேற்றுப் பின்னேரம் வந்து இறங்கிட்டன். அண்ணை உங்களுக்கு எடுத்துச் சொன்னவர்தானே?”

“கன்சாஸ்காரங்கள் கொண்டுபோட்டாங்கள் எண்டெல்லோ அழுதவர்!”

“ஐயோ, அந்தக் கூத்தைக் கேளுங்கோ.” அவள் குரலைத் தாழ்த்தினாள். “மனுசன் ஏர்போட்டில இருந்து என்னைப் பெட்டி படுக்கையோட நேர பேஸ்போல் பாக்க எல்லோ கொண்டுபோனவர், அங்க இவரின்ர ரீமைக் கன்சாஸ்காரங்கள் வெண்டு போட்டாங்களாம், விடியப் போகுது, இன்னும் சோபாவில குப்புறக் கிடந்து அழுறார்!”