கருவாயனுக்கு வந்த வண்டி

கொஞ்சம் நெருங்கி உட்காருங்க கண்ணுங்களா. சின்னக் கதைதான், கேட்டு முடிக்கிற வரைக்கும் உடம்பு அரிக்காம இருந்தாச் சரி.

"தலையைத் தூக்குடா. காதுக்குப் பின்னாடிதானே ஒளிச்சு வெச்சிருக்கே?" எலுமிச்சைத் துண்டுகளைக் கொதிக்கவைத்து ஆற்றிய தண்ணீரை ஊற்றித் தேய்த்தாள் அவள். நாய் கருவாயன் திருடி மாட்டிக்கொண்டது மாதிரி வாலை இடுக்கிக்கொண்டு நின்றது.

பேன் சீப்பால் வாரி, சோப்புத் தண்ணீரில் உதறினாள். வாரம் பூராவும் இதே வேலை. ஒரு தெள்ளுப்பூச்சிகூட மிதக்கவில்லை. ஆனால் வீட்டில் கடி மட்டும் நின்றபாடில்லை.

தெருவில் வண்டிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் ஈரக்கையோடு ஓடி ஓடி எட்டிப் பார்த்தாள். சோபா பழுது பார்க்கும் அவள் புருஷன் காலையில் முதுகைக் கதவு நிலையில் தேய்த்துக்கொண்டே சொல்லிவிட்டார்: "இந்த வீட்டுல ஒண்ணு அது இருக்கணும், இல்ல நான் இருக்கணும். உன் தம்பியை மத்தியானம் வண்டியோட வரச் சொல்லிட்டேன். அவன் தோட்டத்துக்கே கொண்டு போகட்டும்."

"கல்யாணமாகிப் போன பொண்ணு நம்மள நம்பி விட்டுட்டுப் போனதுங்க."

"வந்து கேட்டா என் முதுகைக் காட்டு."

மத்தியானம் தம்பி கயிறோடு வந்துவிட்டான். பட்டறையிலிருந்து அவரும் வந்தார், கன்னத்தில் பூப்போட்ட துணியின் தடத்தோடு.

"நல்ல தூக்கமா மாமா?"

"தூக்கமா? அது வேலைடா. பழைய சோபால படுத்துப் புரண்டாத்தான் எந்த ஸ்பிரிங் குத்துதுன்னு தெரியும். இப்ப வந்திருக்கிறது ரொம்ப நாளாப் பூட்டிக் கிடந்த வீட்டோடது. குத்தாத இடமே இல்ல."

அவள் கூடத்தில் வெள்ளைப் போர்வையை விரித்தாள். "இதுமேல நிக்க வெச்சு உதறிக் காட்டறேன். ஒரு கறுப்புப் புள்ளி துள்ளினாலும் நானே வண்டியில ஏத்திவிடறேன்." சொல்லிவிட்டுக் கருவாயனைப் போர்வைமேல் இழுத்து நிறுத்தினாள்.

கருவாயன் மூக்கிலிருந்து வால்வரை உதறியது. எலுமிச்சை வாசனைதான் வந்தது. போர்வை வெள்ளையாகவே கிடந்தது.

"ஈரத்துல ஒட்டிக்கிட்டிருக்கும். கயிறைக் குடுடா" என்று அவர் போர்வைமேல் ஏறிக் குனிந்தார்.

அவருடைய கால்சட்டை மடிப்பிலிருந்து ஒன்று துள்ளியது. பின்னாலேயே நாலைந்து. அப்புறம் வாணலியில் கடுகு வெடிக்கிற கணக்காகப் போர்வை முழுக்க.

கருவாயன் மெல்ல இறங்கி அவளுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டது.

தம்பி கயிற்றைச் சுருட்டிக்கொண்டு வாசலுக்குப் போனான். வண்டியின் பின்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டான்.

"ஏறுங்க மாமா. தோட்டத்துல நிறைய இடம் இருக்கு."

உங்க வீட்டு மனுஷரும் நாயும் சொறியாம நிம்மதியாத் தூங்கணும், கண்ணுங்களா.