நனையாத துணி

அவள் முழங்கைகளைக் கோட்டை ஜன்னலின் கல்லில் ஊன்றிக் கீழே கிராமத்தைப் பார்த்தாள்.

கிஸ்லா இன்னும் வெளியே வரவில்லை.

கிஸ்லா அவளுடைய நாத்தனார். ஒன்பது வாரமாக இவள் மகள் ஆர்சென்டா அவளிடம்தான் இருக்கிறாள். பிறந்து நாற்பது நாளே ஆன மகளைக் கீழே விட்டுவிட்டு இவள் மேலே ஏறி வந்தாள். மகள் அங்கே ஆட்டுப்பால் குடிக்கிறாள்.

இவள் கோட்டையில் பிரபுவின் மகனுக்குப் பால் கொடுக்கிறாள்.

கட்டலோனிய மலைகளில் அது வழக்கம். பிரபு வீட்டில் குழந்தை பிறந்தால், கிராமத்தில் பால் உள்ள ஒருத்தி மேலே போக வேண்டும். வருகிறாயா என்று யாரும் கேட்பதில்லை. சேவகன் வந்து வாசலில் நிற்பான். அவன் நின்றாலே போதும்.

இந்தக் கோட்டைக்குக் கல் சுமந்தது கிராமம். மதில் எழுப்பியதும் கிராமம். பிரபுக்கள் தங்கள் பங்குக்குப் பசியை மட்டும் கொண்டுவந்தார்கள்.

ஜன்னல் கல்லில் இரண்டு குழிகள் இருந்தன. முழங்கைகள் கச்சிதமாகப் பொருந்தும். இந்தப் பிரபு பால் குடித்ததும் இதே அறையில்தான். அவருடைய அப்பாவும், அவருக்கு முந்தியவரும்கூட. கோட்டையின் கதையை எழுதிவைக்க ஒரு துறவி இருக்கிறார். போர்களை எழுதுகிறார். இந்தக் கல்லைத் தேய்த்த பெண்களின் பெயர் அவருக்குத் தெரியாது.

சில காலைகளில் அந்தக் குழிகள் வெதுவெதுப்பாக இருக்கும். யாரோ இப்போதுதான் எழுந்து போனதுபோல. இந்தப் பக்கம் வெயில் வருவது மத்தியானத்துக்கு மேல்தான்.

முதலில் பயந்தாள். பிறகு அந்தச் சூடு அவளுக்குத் துணையாகிவிட்டது.

கீழே கதவு திறந்தது.

கிஸ்லா குழந்தையின் துணியை அத்தி மரக் கிளையில் போட்டாள். அவர்கள் பேசிவைத்துக்கொண்ட அடையாளம் அது. துணி கிளையில் கிடந்தால் ஆர்சென்டா நன்றாக இருக்கிறாள்.

போட்ட உடனே துணி காற்றில் எழும்பிப் படபடத்தது.

துவைத்த துணி அப்படிப் பறக்காது. கனத்துத் தொங்கும். முன்பெல்லாம் அப்படித்தான் தொங்கியது. கிஸ்லா துணி பிழிவதில் மகா சோம்பேறி. சொட்டிச் சொட்டி மரத்தடி மண் கறுத்திருக்கும். அலசியும் போகாத மஞ்சள் கறை இங்கிருந்தே தெரியும். மகளுக்கு வயிறு நிறைகிறது என்று இவள் தனியாகச் சிரித்துக்கொள்வாள்.

நேற்றும் துணி பறந்தது. அதற்கு முந்தின நாளும்.

கறை இல்லை. மரத்தடி மண் வெளுத்துக் கிடந்தது.

நான்கு நாளாகப் பார்த்தும் பார்க்காததுபோல் இருந்திருக்கிறாள்.

கிஸ்லா பிள்ளை பெறாதவள். பொய்யை நனைத்துப் போட வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை.

இவள் ஜன்னல் கல்லைப் பிடித்துக்கொண்டாள்.

பால் கொடுப்பவளின் காதுக்குக் கெட்ட செய்தி போகக் கூடாது என்பது கோட்டையின் கட்டளை. துக்கம் பட்டால் பால் வற்றிவிடுமாம். சொன்னவர்களுக்குச் சவுக்கடி. அதனால்தான் தேவாலய மணி அடிக்கவில்லை. அதனால்தான் கிஸ்லா நிமிர்ந்து பார்க்காமல் உள்ளே போய்விடுகிறாள்.

எங்கே புதைத்தார்கள் என்றுகூடப் பெற்றவளுக்குத் தெரியாது.

படிக்கட்டில் ஒரு குழந்தை அழுதது.

பிரபுவின் மகன் தொட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தான்.

நான்கு நாளாக அந்த அழுகை கேட்கிறது. மூச்சு வாங்கி, நிறுத்தி, மறுபடி தொடங்கும் அழுகை. காற்று என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தாள். எந்தக் குழந்தை அப்படி அழும் என்பது அவளுக்குத் தெரியாதா?

"வரேன்டி கண்ணு," என்றாள். 

போகலாம். வாய்விட்டு அழுதால் போதும். பால் வற்றும். வற்றினால் கீழே அனுப்பிவிடுவார்கள். மகளைப் புதைத்த இடத்தில் உட்கார்ந்திருக்கலாம். உலகத்தில் அவளுக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

ஆனால் அன்றைக்கே சேவகன் இன்னொரு வாசலில் போய் நிற்பான்.

ஊரில் இப்போது பால் உள்ளவள் இன்னும் ஒருத்திதான். சான்சா. மகன் பிறந்து பத்து நாள் ஆகிறது.

தொட்டிலில் பிரபுவின் மகன் விழித்து அழுதான். படிக்கட்டு அழுகை நின்றது. அவள் அவனைத் தூக்கி மார்போடு வைத்தாள். பால் வராமல் போய்விடுமோ என்று அவன் வாயையே பார்த்தாள்.

வந்தது.

எதுவும் நடக்காததுபோல் வந்தது. தன் உடம்பை அவள் அந்த நிமிடம் வெறுத்தாள்.

பணிப்பெண் பிளாங்கா சூப்புக் கிண்ணத்தோடு உள்ளே வந்தாள். தினமும் அவளை அனுப்புவது சீமாட்டிதான். சூப்பு ஒரு சாக்கு. இவள் முகத்தைப் பார்த்துவிட்டுப் போய்ச் சொல்ல வேண்டும்.

இன்றைக்குப் பிளாங்கா முகத்தைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தாள்.

"துணி போட்டாச்சாக்கா?"

"போட்டிருக்கா. சொட்டச் சொட்டப் போட்டிருக்கா. என்னைக்குத்தான் ஒழுங்காப் பிழியப்போறாளோ அவ."

கிண்ணம் தட்டில் கடகடவென்று ஆடியது. பிளாங்கா அதை மேசையில் வைத்தாள்.  பிறகு வேகமாக வெளியே போய்விட்டாள்.

அவள் குழந்தையோடு ஜன்னலுக்குத் திரும்பினாள்.

கிஸ்லாவின் கதவு சாத்தியிருந்தது. மூன்று வீடு தள்ளி, வாசற்படியில் உட்கார்ந்து சான்சா தன் மகனுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். கொடுத்துக்கொண்டே கோட்டையைத்தான் பார்த்தாள். பிள்ளையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தாள்.

அவள் சான்சாவுக்குக் கை காட்டினாள்.