எலும்பில்லாத தட்டு

சாய்ராவின் தட்டில் எலும்பு இல்லை.

கிர்கிஸ்தானில், எங்கள் நாரினில் விருந்து என்றால் அவரவர் மரியாதைக்குத் தக்க எலும்பு கறியோடு தட்டில் வந்தாக வேண்டும். எலும்பு மாறிப்போனாலே வருஷக்கணக்கில் பேச்சுவார்த்தை இருக்காது. வைக்காமலே விட்டால் என்ன அர்த்தம் என்று குழந்தைக்கும் தெரியும்.

அன்று மத்தியானம் புருல் அக்கா வீட்டில் தொட்டில் விருந்து.

"அக்கா, சாய்ராவை மறந்துட்டீங்க" என்றாள் ஒருத்தி.

"எதுக்கு மறக்கறேன்? நூடுல்ஸும் சாறும் ஊத்தியிருக்கேன்ல. புருஷன் கடன்ல முங்கினதும் விவாகரத்து வாங்கி, வீட்டையும் தன் பேருக்கு மாத்திக்கிட்டவ. அவளுக்குன்னு நான் எந்த எலும்பைத் தேடறது?"

புருல் அக்கா சத்தமாகத்தான் சொன்னாள். சாய்ரா நிமிரவில்லை.

வாசலுக்கு நேர் எதிரே, பெரியவர்கள் உட்காரும் இடத்தில் எர்கின். ஒரு காலத்தில் நாடறிந்த பயில்வான், இப்போது ஊரறிந்த கடன்காரன். ஜெயித்த வருஷங்களில் பரிசாக வந்த குதிரையை அறுத்து ஊருக்கே விருந்து போட்டான். தோள் போய், களத்தை விட்ட பிறகும் அதே விருந்துதான், வட்டிக்கு வாங்கி. வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. நாங்களும்தான் போய்ச் சாப்பிட்டோம்.

இன்றைக்கும் அவன் தட்டில், பெரிய மனிதர்களுக்கு வைக்கும் இடுப்பெலும்பு.

"எத்தனை பேரை மல்லாத்தியிருக்க பயில்வான். கடைசியில பெண்டாட்டி உன்னை மல்லாத்திட்டாளே" என்று ஒருவன் சீண்டினான்.

எர்கின் ஒரு கணம் பெண்கள் பக்கம் பார்த்தான். பிறகு சிரித்தான்.

"பரிசுக் குதிரை வந்த வரைக்கும் அவ இருந்தா. குதிரை வர்றது நின்னுச்சு, கிளம்பிட்டா. அவ என்னையா கட்டிக்கிட்டா? குதிரையைத்தானே கட்டிக்கிட்டா."

கூடமே சிரித்தது. நானும் சிரித்தேன். சாய்ரா எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

"ரோஷத்தைப் பாரு" என்றாள் புருல் அக்கா.

பொழுது சாயும்போது மாட்டுக்குப் புல் போடக் கொல்லைக்குப் போனேன். வேலிக்கு அந்தப் பக்கம் சாய்ரா வீட்டுப் பின்கதவு. அங்கே எர்கின் நின்றிருந்தான், கையில் விருந்து வீட்டுக் கறிப்பை.

குடித்துவிட்டுச் சண்டைக்கு வந்திருக்கிறான் என்றுதான் முதலில் நினைத்தேன். அவன் கெஞ்சிக்கொண்டிருந்தான்.

"திற சாய்ரா. என் எலும்பை உனக்குத்தான் கொண்டாந்திருக்கேன். பாதிக்கு மேல தின்னல."

கதவை மறுபடி தட்டினான்.

"தினம் திறக்கற கதவுதானே? ஊர் நம்பணும்னு அப்படிப் பேசினேன். ஊரே நம்பலைன்னா பாங்க்காரன் எப்படி நம்புவான்? வீடு ஏலத்துக்குப் போயிடக் கூடாதுன்னு நான் கால்ல விழுந்து கேட்டுத்தானே நீ கையெழுத்தே போட்ட? நாம பிரிஞ்சது காகிதத்துல மட்டும்தானே?"

தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்டது. அப்புறம் அவள் குரல்.

"இன்னிக்கு மத்தியானம் வரைக்கும் காகிதத்துல மட்டும்தான் இருந்துச்சு."